அந்த மூன்று விநாடி மறதி அல்ல

இந்தப் பொங்கல் பட்டிமன்றச் சுற்று முழுக்க ஒரு மூத்த பேச்சாளரைப் பற்றி ஒரே பேச்சு: “அவருக்கு வயசாயிடுச்சு, நடுநடுவே மறந்துபோய் நின்னுடறார்.” சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அவரைப் பந்தலில் உட்கார்ந்து கேட்டவர்கள் அல்லர், கைபேசியில் பார்த்தவர்கள். பெயர் வேண்டாம். பட்டிமன்றங்களை விடாமல் கேட்கிறவர்களுக்கு யாரென்று தெரியும். நான் அவர் கட்சி.

அவர் நிற்பது கணக்குப் போட்டு. சிரிப்பு எழும்பி, உச்சிக்குப் போய், பாதி இறங்கும்போது அடுத்த வாக்கியத்தை எடுக்கிறார். முழுக்க அடங்கவிட்டால் கூட்டம் ஆறிவிடும். முந்திக்கொண்டால் கடைசி வரிசைக்கு முதல் சொல் கேட்காது. அந்த இடைவெளியில் அவர் பார்ப்பது கூட்டத்தை அல்ல, எதிரணியின் மேசையை. அங்கே குறிப்பெடுக்கும் பேனா நின்றுவிட்டால், அடுத்து வைத்திருந்த உதாரணத்தைக் கைவிட்டு நேராகக் கேள்விக்குப் பாய்கிறார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடும் தொடக்க ஆட்டக்காரரைத் தயங்குகிறார் என்றா சொல்வோம்?

பிறகு ஏன் வீடியோவில் மட்டும் அது தடுமாற்றமாகத் தெரிகிறது? காரணம் ஒலிப்பதிவு. வீடியோக்காரரைப் பேசி முடிக்கும்போது விழாக் குழுவினர் எத்தனை கேமரா என்று கேட்பார்கள், டிரோன் உண்டா என்று கேட்பார்கள். சத்தத்தை எங்கிருந்து எடுப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வீடியோக்காரர் மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து ஓர் ஒயரை இழுத்துக்கொள்கிறார். பேச்சு கணீரென்று பதிவாகிறது, சரி. ஆனால் மேடை மைக் தனக்கு எதிரே நெருக்கமாக இருக்கும் வாயைப் பிடிக்கவே செய்யப்பட்டது. பந்தலே அதிரச் சிரித்தாலும் அந்த ஒயரில் அது எங்கோ தொலைவில் முனகலாகத்தான் வரும். ஆகவே வீட்டில் பார்ப்பவருக்குத் தெரிவது, வாயை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர். எடிட்டிங்கில் அந்த மூன்று விநாடியையும் வெட்டிவிட்டால் கதை முடிந்தது.

கேமராவில் இருக்கும் மைக்கை மட்டும் நம்புவது இதைவிட மோசம். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்கு ஒலி வந்து சேர ஏறக்குறைய 0.09 விநாடி ஆகிறது. விநாடிக்கு 25 பிரேம் என்று பதிவு செய்தால், உதட்டசைவுக்கும் சொல்லுக்கும் இடையே இரண்டு பிரேமுக்கு மேல் இடைவெளி. கூடவே எதிரொலியும் ஜெனரேட்டர் இரைச்சலும்.

மிக்சர் ஒயர் ஒரு டிராக்கில் இருக்கட்டும். ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பின்னால், கூட்டத்தை நோக்கி இரண்டு மைக் வைத்து அதைத் தனி டிராக்கில் பதிவு செய்யட்டும். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். அவர் எந்த இடத்தில் வாக்கியத்தை எடுக்கிறார் என்பது பிசகில்லாமல் விளங்கும்.

கேமரா விஷயத்திலும் ஒரு வார்த்தை. சிரிப்பு வந்ததும் கூட்டத்தின் பக்கம் திரும்பும் கேமரா, அவர் பேசத் தொடங்கிய பிறகுதான் மேடைக்கு வருகிறது. எதிரணி மேசையை நோக்கும் அந்தப் பார்வை, ஆட்டத்தின் மிக முக்கியமான முடிவு, பதிவாவதே இல்லை. ஒரு கேமரா இடுப்புக்கு மேல் அவரை வைத்து அசையாமல் நிற்கட்டும். இன்னொன்று எங்கு வேண்டுமானாலும் சுற்றட்டும். சில கேமராக்கள் அரை மணி நேரத்தில் தாமாகவே பதிவை நிறுத்திக்கொள்ளும். அப்படிப்பட்ட கேமரா என்றால், ஒரு பேச்சாளர் முடித்து நடுவர் அடுத்தவரை அழைக்கும்போதே நிறுத்தி மறுபடி பொத்தானை அழுத்திவிட வேண்டும்.

இனி நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டிய வீடியோக்களைப் பார்த்தே பழகும் இளம் பேச்சாளர்கள் வரும் சித்திரைத் திருவிழா மேடைகளில் சிரிப்பின் மேலேயே பேசிக்கொண்டு போவார்கள். அவர்களின் இரண்டாவது நகைச்சுவை யார் காதிலும் விழாது. தேதி கொடுக்கும்போதே, கூட்டத்துக்கு மைக் வைத்துப் பதிவு செய்வீர்களா என்று மூத்தவர்கள் கேட்கும் காலமும் வரும். யாராவது ஒரு விழாக் குழு ஒரே ஒரு பேச்சை முழுசாக, வெட்டாமல், சிரிப்போடு வெளியிட்டால், இன்று வயசாயிடுச்சு என்கிறவர்களே அடுத்த பொங்கலுக்கு அவர் தேதிக்காகக் காத்திருப்பார்கள்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: டிரோனை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் கூட்டத்துக்கு இரண்டு மைக் கேளுங்கள், அதுவும் வீடியோக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே.