வருவது அறிதலும் மொழிபெயர்ப்பும்: மாரிகுப்பம் தரும் சான்று

எதிர்காலத்தை ஒருவர் கூற்றால் அன்றிப் பலருடைய கூட்டறிவால் ஆராயும் முறைகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருப்பெற்றன. அமெரிக்காவின் ராண்டு நிறுவனத்தில் டால்கி, ஹெல்மர் ஆகியோர் வகுத்த டெல்பி முறை அவற்றுள் பெரிதும் அறியப்பட்டதாகும். பங்கேற்போரின் பெயர் மறைக்கப்படும்; ஒரே வினா பல சுற்றுகளில் கேட்கப்படும்; முந்தைய சுற்றின் தொகுப்பைக் கண்டு ஒவ்வொருவரும் தம் கருத்தைத் திருத்திக்கொள்வர். எனவே, வினாவின் சொல்லமைப்பே விடையின் தரத்தை உறுதிசெய்கிறது.

தமிழில் இத்துறை பற்றி எழுதுவோர் முன்கணிப்பு, முன்னறிவிப்பு, தொலைநோக்கு என்னும் சொற்களை வேறுபாடின்றி ஆளுதல் குறையே ஆகும். இன்னது நிகழும் எனக் கூறுவது முன்கணிப்பு. இன்னது வேண்டும் என விழைவது தொலைநோக்கு. நிகழக்கூடியன பலவற்றையும் எண்ணி இன்று செய்யத்தக்கதைத் துணிவது இவ்விரண்டின் வேறானது. 'வருமுன் காத்தல்' என்னும் பழவழக்கு இம்மூன்றாவதற்கே பொருந்தும்.

இவ்வேறுபாட்டின் இன்றியமையாமையைக் கோலார் தங்கவயல் காட்டுகிறது. பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் இருப்புப்பாதை மாரிகுப்பத்தில் முடிகிறது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழரே இச்சுரங்கத் தொழிலாளருள் பெரும்பான்மையர். 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டிய சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பாறை வெடிப்பு நீங்காத இடராக இருந்தது. ஆங்கில வழக்கில் தொடக்கத்தில் இது 'ஏர் பிளாஸ்ட்' எனப்பட்டது; பின்னரே 'ராக் பர்ஸ்ட்' நிலைபெற்றது. காற்றைச் சுட்டிய பெயர் பாறையைச் சுட்டுவதாயிற்று. நிலவதிர்வுக் கருவிகள் வெடிப்பின் இடத்தை அறிய உதவின. வெடிக்கும் நேரத்தை உறுதியாக முன்கூற இயலவில்லை.

கருவிகள் கூறாததைத் தொழிலாளரிடம் வினவ முற்படும் ஆய்வாளர் ஓர் இலக்கணச் சிக்கலை எதிர்கொள்வர். தமிழ் எதிர்கால வினைமுற்று வழக்கத்தையும் இயல்பையும் உணர்த்தவல்லது. 'இந்த மட்டத்தில் பாறை வெடிக்கும்' என ஒரு தொழிலாளி கூறுவதாகக் கொள்வோமாயின், அஃது இனி நிகழப்போவதையும் குறிக்கலாம். அங்கு வழக்கமாக நிகழ்வதையும் குறிக்கலாம். பட்டறிவு பெரும்பாலும் இரண்டாம் பொருளிலேயே அமையும். அதனை முன்கணிப்பாக மட்டும் ஆங்கிலத்தில் பெயர்த்தால், பல்லாண்டுக் கூட்டறிவு ஒருவருடைய ஊகமாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது சிக்கல் செயப்பாட்டுவினை பற்றியது. 'சுரங்கம் எப்போது மூடப்படும்?' என்பது மொழிபெயர்ப்பு வினாத்தாள்களில் இயல்பாக இடம்பெறத்தக்க தொடர். 'சுரங்கத்தை மூடுவார்களா?' என்பதே பேச்சுவழக்குக்கு நெருக்கமானது. முன்னதில் வினைமுதல் மறைகிறது. மூடுதல் இயற்கை நிகழ்ச்சிபோல் தோன்றுகிறது. பின்னதில் முடிவெடுப்போர் உளர் என்பது புலனாகிறது. யார் என்ன செய்யக்கூடும் என்பதை ஆராயும் முறைக்கு இவ்வேறுபாடு அடிப்படையானது.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணிகள் நிறுத்தப்பட்டன. மூடப்படும் ஆண்டைக் கேட்பது முன்கணிப்பு வினா. மூடியபின் இம்மக்கள் எத்தொழிலால் வாழ்வர், அதற்கு யார் எப்போது ஆயத்தம் செய்யவேண்டும் என்பன வருமுன் காக்கும் வினாக்கள். மாரிகுப்பத்திலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் நிறைந்த தொடர்வண்டிகள் பின்னைய வினாக்களின் எடையை உணர்த்துகின்றன. ஆகவே, வினாத்தாளைத் தமிழாக்குவோர் வினைமுதலை மறைக்காது வைத்தலும், 'நிகழும்', 'நிகழக்கூடும்', 'வழக்கமாக நிகழும்' என்பவற்றைத் தனித்தனி வினாக்களாகப் பிரித்தலும் வேண்டும். விடைகளை மீண்டும் ஆங்கிலமாக்குங்காலும் இப்பிரிப்பு காக்கப்பட வேண்டும்.