பிள்ளைகளோடு நடக்க ஒரு கரை: எண்ணூரும் கொழும்பும்

கொசஸ்தலை ஆறு சுமார் 136 கிலோமீட்டர் ஓடி எண்ணூரில் கடலைச் சேர்கிறது. களனி கங்கை சுமார் 145 கிலோமீட்டர் ஓடி, கொழும்புத் துறைமுகத்துக்குச் சற்று வடக்கே, மட்டக்குளியில் கடலைச் சேர்கிறது. இரண்டு ஆறுகளும் கடைசியாகப் பார்ப்பது ஒரே மாதிரியான ஊரைத்தான்: துறைமுகம், மின் நிலையம், எண்ணெய்த் தொட்டிகள், வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள், இவற்றுக்கு நடுவே மீனவர் வீடுகள். எங்கள் பக்கத்து மணலி சுத்திகரிப்பு ஆலையும் களனிப் பக்கத்துச் சப்புகஸ்கந்த ஆலையும் ஒரே ஆண்டில், 1969இல், ஓடத் தொடங்கியவை. இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டு ஊர்களில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மரம், தண்ணீர், பறவை பார்த்துக் காலாற நடக்க நினைக்கும் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது? வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகவே சாலை போகிறது. ஆனால் அது டிரெய்லர்களின் சாலை. ஒரு பக்கம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள், மறுபக்கம் தூசி. ஐந்து வயதுப் பிள்ளையின் கையை ஒரு நிமிடம்கூட விட முடியாது. வடசென்னைக் குடும்பங்கள் ஊர் சுற்றத் தெரியாதவர்கள் இல்லை. பௌர்ணமி நாளில் மீஞ்சூர் அருகே மேலூர்த் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருவது இங்கே பாட்டி காலத்துப் பழக்கம். காலையில் மேலூர், உச்சியில் திருவொற்றியூர், சாயங்காலம் திருமுல்லைவாயில். அந்தச் சுற்றுகூட இன்று பெரும்பாலும் வேனிலும் பைக்கிலும்தான் நடக்கிறது. நடந்துபோகப் பாதை இல்லை என்பது அதற்கு முக்கியமான காரணம்.

இலங்கையில் குடும்பத்தோடு நடப்பதென்றால் முதலில் சொல்லும் இடம் ஹோட்டன் சமவெளி. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல், பனி படியும் புல்வெளி. நடுநடுவே குட்டையான காடு. 1988இல் தேசியப் பூங்காவானது. மகாவலி, வளவை, களனி மூன்றுக்கும் இது தலைநீர் தரும் நிலம். உள்ளே சுமார் ஒன்பது கிலோமீட்டர் வட்டப் பாதை ஒன்று உண்டு. ஒரு முனையில் உலக முடிவு என்னும் செங்குத்தான சரிவு, இன்னொரு பக்கம் பேக்கர் அருவி. காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போதே வேன்களில் வந்த குடும்பங்கள் வரிசையில் நிற்கும். வனஜீவராசிகள் திணைக்களத்து ஆட்கள் பைகளைத் திறந்து பார்த்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். தண்ணீர் போத்தலில் ஒட்டியிருக்கும் காகிதத்தைக்கூட உரித்துவிடுவார்கள். அதன்பிறகு நடை உங்களுடையது. பாதை ஒன்றே, அம்புக்குறி இருக்கும், வழிகாட்டி கட்டாயமில்லை. உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. வெளிநாட்டவரிடம் டாலரில் வாங்குகிறார்கள். அதில் தவறில்லை என்பேன். சொந்த நாட்டுப் பிள்ளை தன் மலையைப் பார்க்கப் பணம் தடையாகக் கூடாது.

அதே புல்வெளியும் அதே குட்டைக்காடும் நம்மிடமும் உண்டு. நீலகிரியின் சோலைக்காடும் ஹோட்டன் சமவெளியும் உறவுக்காரர்கள். செந்நிறப் பூப் பூக்கும் ரோடோடெண்ட்ரான் மரம் இரண்டு இடத்திலும் நிற்கிறது, கடமான் இரண்டு இடத்திலும் மேய்கிறது. ஆனால் நீலகிரியின் முக்கூர்த்தி போன்ற இடங்களில் குடும்பம் நினைத்த நேரத்தில் போய் நடந்துவிட முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறிகளைச் சூழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 அக்டோபரில், 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற வழிகாட்டி, எளிது – நடுத்தரம் – கடினம் என்ற பிரிவு. வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்தக் காட்டுப்பகுதிப் பழங்குடி இளைஞர்கள். இந்த ஒன்றில் நாம் இலங்கையைவிட ஒரு படி மேலே இருக்கிறோம். அங்கே வாசலில் டிக்கெட் வாங்குகிற குடும்பத்துக்கு, காட்டை அறிந்த ஒருவரோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டு நடக்கும் வாய்ப்பு தானாக அமையாது. இங்கே அமைகிறது, வழிகாட்டிகளுக்குக் கூலியும் கிடைக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று நால்வருக்கும் கட்டி, அதற்குமேல் பயணச்செலவும் போட்டால், ஒப்பந்தக் கூலிக்குப் போகும் தண்டையார்பேட்டைக் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு ஒருமுறைகூடக் கட்டுப்படியாகாது.

அந்த 40 பாதைகளில் ஒன்றை வடசென்னைக்காரர்கள் தங்கள் பாதையாகவே நினைக்கலாம்: திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால், முட்புதர்க் காட்டின் வழியே அல்லிக்குழி மலைக்குப் போகும் நடை அது. பூண்டி, கொசஸ்தலையின் குறுக்கே 1944இல் கட்டி முடித்த அணை. எண்ணூருக்கு வருவது அங்கே தேங்கி மிஞ்சும் தண்ணீர்தான். குகை என்றாலும் இருட்டுப் பொந்து இல்லை. கூழாங்கற்கள் அப்படியே பதிந்து இறுகிய பெரும்பாறை, மேலே கூரைபோல் வளைந்து நிற்கும். கூரையில் தேனடைகள் தொங்கும், அதனால் பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது. அருகில் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு குழுவினரின் அகழாய்வு, அங்குள்ள கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் காட்டியது. பூண்டியில் இதற்கென்றே அரசு அருங்காட்சியகம் உண்டு. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்துபோகும் கற்காலம், பிள்ளையின் காலடியில் கல்லாகக் கிடக்கும் இடம் இது. காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் போவது நல்லது.

இலங்கை மலைநாட்டில் இப்போது பேர்பெற்றிருக்கும் பீக்கோ பாதையையும் சொல்ல வேண்டும். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டர், 22 கட்டங்கள், தேயிலைத் தோட்டங்களின் நடுவே. பல கட்டங்களை ரயில் நிலையத்திலிருந்தே தொடங்கலாம். அதில் நடக்க வருபவர்களில் வெளிநாட்டவர் அதிகம். அந்த மண்ணில் தினமும் நடப்பவர்களோ கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழர்கள். இன்னொரு நடை, தமிழர்களே தலைமுறை தலைமுறையாக நடப்பது: தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை. கிழக்குக் கரையோரமாக வந்து உகந்தையை அடைந்ததும், மற்ற நாளில் யாரும் நடந்து நுழைய முடியாத குமண, யால காடுகளின் வழியை அரசு சில நாட்களுக்குத் திறந்துவிடுகிறது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டும் நடக்கிறார்கள். யானைக் காட்டைக் குடும்பங்களுக்காகக் காலம் குறித்துத் திறக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் எண்ணூருக்குப் பாடமாக இருப்பது மலை இல்லை, கொழும்பின் சதுப்புநிலம்தான். 2010 நவம்பர் மழையில் கொழும்பு மூழ்கியது. இலங்கை நாடாளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. அதன்பிறகு சதுப்பை நிரப்புவதைவிடக் காப்பதே நகரத்துக்கு லாபம் என்று கணக்குப் பார்த்தார்கள். உலக வங்கிக் கடனில் நடந்த பெருநகரத் திட்டத்தில் கால்வாய்களோடு ஈரநிலப் பூங்காக்களும் சேர்ந்தன. கோட்டேயில் பெத்தகான, தலவத்துகொடையில் தியசரு. சேற்றுக்கு மேலே மரப்பலகை நடைபாதை, பறவை பார்க்கும் மேடை, குறைந்த கட்டணம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். 2018இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கை அமைப்பு முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று அங்கீகரித்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. களனி முகத்துவாரத்தை ஒட்டி, கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்து உழைக்கும் குடும்பங்களுக்கு எட்டும் தூரத்தில், காக்கைத்தீவுக் கடற்கரைப் பூங்கா இருக்கிறது.

கொழும்பிலும் எல்லாம் சரியாக இல்லை. முத்துராஜவெலச் சதுப்பில் மண்ணும் குப்பையும் கொட்டுவது ஓயவில்லை. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, நீர்கொழும்புப் பக்கத்துக் கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. ஆனாலும் நகரத்துக்குள் நடக்க ஓர் ஈரநிலம் இருப்பதால், அதற்குக் கேடு வரும்போது குரல் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

சென்னையில் அந்த வகைப் பூங்காக்கள் அமைந்தது தெற்கே: அடையாற்றில் தொல்காப்பியப் பூங்கா, பள்ளிக்கரணையில் சூழல் பூங்கா. வடக்கே கழிமுகத்துக்குக் கிடைத்தது அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள்ளேயே பரவி, வீட்டுச் சுவரிலும் படகிலும் ஒட்டியது. இவ்வளவுக்குப் பிறகும் அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. எண்ணூர் ஸ்டேஷனைத் தாண்டி ரயில் ஆற்றைக் கடக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். கண்டல் புதர்கள், கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நீர் வற்றிய சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சின்ன நண்டுகள். இடுப்பளவு நீரில் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் திறமையை எந்தப் பள்ளியும் கற்றுத்தர முடியாது. எந்த நேரத்தில் நீர் ஏறும், எங்கே சேறு காலை வாங்கும், எந்தப் பறவை எந்த மாதம் வரும் என்பதெல்லாம் காட்டுக்குப்பத்து, முகத்துவாரக்குப்பத்து மீனவர்களுக்கு மனப்பாடம்.

ஆகவே வேண்டியது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. கொழும்பிலிருந்து பலகை நடைபாதையையும் குறைந்த கட்டணத்தையும் எடுத்துக்கொள்வோம்; நம் மலைகளிலிருந்து உள்ளூர் வழிகாட்டி முறையை எடுத்துக்கொள்வோம். எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், லாரி நுழையாத ஒன்று இரண்டு கிலோமீட்டர் கரைப்பாதை போதும். மீனவர், இருளர் குடும்பங்களின் பிள்ளைகளே வழிகாட்டிகளாக இருக்கட்டும், வருமானம் அவர்களிடமே போகட்டும். வலை காயப்போடும் இடத்தையும் படகுத்துறையையும் பாதை தொடக் கூடாது. அழகுபடுத்துகிறோம் என்று குப்பத்தை நகர்த்துவதற்கு அது சாக்காகவும் கூடாது. பாதைக்கு முன்பாகச் சாம்பலை அள்ளியாக வேண்டும்; சாம்பல் மேட்டில் குழந்தையை நடக்கவிட முடியாது.

2024 மார்ச்சில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மாநகராட்சியின் முதல் மண்டலமே திருவொற்றியூர்தான். உங்கள் வார்டில் அடுத்த பகுதி சபைக் கூட்டம் கூடும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாம்பலை அகற்றி, கழிமுகக் கரையில் நடைபாதை வேண்டும் என்ற கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.