பிந்திப் பதிவான குரல்: எஸ்கெரிடாவும் ராக் இசையின் தொடக்கமும்

ராக் அண்டு ரோலின் வரலாற்றை எழுதுபவர்கள் முதலில் தேடிப்போவது இசைத்தட்டைத்தான். எந்த ஆண்டு, எந்த ஸ்டூடியோ, எந்த நிறுவனம் என்று எல்லாவற்றுக்கும் அதில் சான்று இருக்கும். கூடாரக் காட்சிகளிலும் இரவு விடுதிகளிலும் நடந்ததற்கு அப்படி எந்த ரசீதும் கிடையாது. ஆகவே முதலில் வாசித்தவரைத் தள்ளிவிட்டு, முதலில் பதிவானவர் முன்னோடி ஆகிவிடுகிறார். இந்தக் கணக்கில் மிக மோசமாக அடிபட்டவர் எஸ்கெரிடா. ராக் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் நகல் என்று பல ஆண்டுகள் ஒற்றை வரியில் ஒதுக்கப்பட்டவர்.

எஸ்க்யூ ரீடர் ஜூனியர் என்பது இயற்பெயர். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், கிரீன்வில் நகரத்தில், 1930களில் பிறந்த கறுப்பினத்தவர். பியானோ தேவாலயத்தில் படிந்தது. பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு ஹெவன்லி எக்கோஸ் என்ற காஸ்பெல் (கிறித்தவ பக்தி இசை) குழுவில் சேர்ந்து பாடினார்.

லிட்டில் ரிச்சர்டைச் சந்தித்த கதையை ரிச்சர்டே சொல்லியிருக்கிறார். 1984இல் சார்லஸ் வைட் எழுதி வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்றில் அது இருக்கிறது. ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்துப் பேருந்து நிலையத்தில் அப்போது ரிச்சர்டுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. ‘ஆசீர்வதிக்கப்பட்ட ரொட்டி’ விற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போன ஒரு பெண் போதகருடன் எஸ்கெரிடா வந்து இறங்குகிறார். இருவரும் ரிச்சர்டின் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே எஸ்கெரிடா, ‘ஒன் மின்ட் ஜூலெப்’ பாடலைப் பியானோவின் வலது கோடியில், உச்ச சுரங்களில் வைத்து வாசிக்கிறார். அப்படி வாசிக்கத் தனக்கும் கற்றுத்தரும்படி ரிச்சர்டு கேட்கிறார். எஸ்கெரிடாவுக்குக் கைகள் மிகப் பெரியவை என்பதையும் அவர் மறக்காமல் சொல்கிறார்.

இதை நம்பலாமா? கதை சொல்வதில் ரிச்சர்டு கெட்டிக்காரர். கொஞ்சம் உப்பு மிளகாய் சேர்த்தே பரிமாறுவார். ஆனால் ராக் அண்டு ரோலை உருவாக்கியதே தான்தான் என்று வாழ்நாள் முழுக்க மார்தட்டியவர் அவர். அப்படிப்பட்டவர் தன் பியானோவுக்கு இன்னொருவரைக் குருவாகக் காட்டுவதில் அவருக்கு லாபம் ஒன்றுமில்லை. தனக்கு எதிராகத் தானே தரும் சாட்சியத்துக்கு எடை அதிகம். இசைத்தட்டுகளும் இதற்கு முரணாக இல்லை. 1951இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு ரிச்சர்டு பாடியவை அடக்கமான ப்ளூஸ் பாடல்கள். சம்மட்டி அடியாக விழும் அந்தப் பியானோவை அவற்றில் தேடினாலும் கிடைக்காது. 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் பதிவான ‘டுட்டி ஃப்ரூட்டி’யோ வேறு உலகம். ‘ஒன் மின்ட் ஜூலெப்’ வெளியான ஆண்டு 1952 என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சந்திப்பு இவ்விரண்டுக்கும் நடுவில் பொருந்தி உட்கார்கிறது.

ரிச்சர்டு எடுத்துக்கொண்டது ஒருவரிடமிருந்து மட்டுமல்ல. உயரத் தூக்கி வாரிய முடியையும் முகப்பூச்சையும் அட்லாண்டா பாடகர் பில்லி ரைட்டிடமிருந்தும், இடையிடையே வீறிடும் கூவலைக் காஸ்பெல் பாடகி மரியன் வில்லியம்ஸிடமிருந்தும் பெற்றார். ஆண்கள் பெண்வேடமிட்டு ஆடிப்பாடும் கூடாரக் காட்சிகள் அன்று கறுப்பினத்தவர் நடுவே சகஜம். ரிச்சர்டும் இளவரசி லவோன் என்ற பெயரில் வேடம் கட்டியிருக்கிறார். தற்பாலீர்ப்பாளரான எஸ்கெரிடாவும் இந்த உலகத்து மனிதர்தான். ராக் இசையின் ‘காட்டுத்தனம்’ என்று பிற்கால எழுத்தாளர்கள் வியந்ததெல்லாம், தேவாலயத்தில் ஆவி இறங்கும் நேரத்து ஓலமும் இந்தக் கூடாரத்துக் கேலிக்கூத்தும் கலந்து பல ஆண்டுகள் பழகிய கலை. திடீரென வெடித்த ஒன்றாக அதைச் சொல்வது சோம்பேறித்தனம்.

1957 அக்டோபரில், ஆஸ்திரேலியப் பயணத்தின் நடுவில், ரிச்சர்டு ராக் இசையைத் துறந்து ஊழியத்துக்குப் போவதாக அறிவித்தார். சந்தையில் ஓர் இடம் காலியானது. ராக் பாடகர் ஜீன் வின்சென்டின் குழுவில் இருந்த பால் பீக்கும் கிரீன்வில்காரர். அவர் வழியாக எஸ்கெரிடா கேபிடல் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1958, 59இல் சில இசைத்தட்டுகள், ஒரு முழு ஆல்பம். எதுவும் விற்கவில்லை. குருவைச் சீடனின் மாற்று ஆளாக விற்கப் பார்த்தார்கள்; கேட்டவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பதிவுகளை இன்று கேட்டால் வேறுபாடு சட்டெனத் தெரியும். ரிச்சர்டின் பாடல்களில் எவ்வளவு கூச்சல் இருந்தாலும் அடியில் நியூ ஆர்லியன்ஸ் வாத்தியக்காரர்களின் கச்சிதம் இருக்கும். எஸ்கெரிடாவிடம் அந்தக் கரை கிடையாது. ‘ராக்கின் த ஜாயின்ட்’ பாடலில் குரல் கரகரத்துக் கிழிகிறது. பியானோ குரலோடு சண்டைக்கு நிற்கிறது. ‘எஸ்கெரிடா அண்டு த வூலா’வில் வார்த்தையே இல்லை. டிரம்ஸும் பியானோவும் முட்டி மோத, மேலே ஓப்பெராக்காரரைப் போல ஒரு குரல் ஏறியிறங்குகிறது. பெரிய நிறுவனம் ஒன்று 1958இல் இதை வெளியிட்டது என்பதே எனக்கு ஆச்சரியம். எல்லாப் பதிவுகளும் இந்தத் தரத்தில் இல்லை. சில பாடல்கள் ரிச்சர்டின் நிழலில்தான் நிற்கின்றன. ஆனால் ‘வூலா’ எவருடைய நகலும் அல்ல.

பிறகு நடந்தவை சரிவு. நியூ ஆர்லியன்ஸில் சில பதிவுகள். 1970இல் ரிச்சர்டுடன் சேர்ந்து எழுதிய ‘ஃப்ரீடம் ப்ளூஸ்’. பிறகு நியூயார்க்கில் கிடைத்த வேலையைச் செய்து பிழைத்தார். 1980களில் ‘கிக்ஸ்’ இதழை நடத்திய பில்லி மில்லரும் மிரியம் லின்னாவும் அவரைத் தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்தார்கள். அவர்களுடைய நார்ட்டன் ரெக்கார்ட்ஸ் 1987இல் அவரது பழைய பதிவுகளை வெளியிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1986 ஜனவரியில் ராக் அண்டு ரோல் புகழ் அரங்கின் முதல் விழா நியூயார்க்கில் நடந்தபோது லிட்டில் ரிச்சர்டின் பெயர் முதல் பட்டியலிலேயே இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில், அதே நகரத்தின் ஹார்லெம் பகுதியில், எஸ்கெரிடா எய்ட்ஸ் நோயால் இறந்தார். கேட்பாரற்ற உடல்களையும் ஏழைகளையும் புதைக்கும் ஹார்ட் தீவில் அடக்கம் செய்தார்கள்.

அந்தப் புகழ் அரங்கம் தாமதமாகவேனும் சில கணக்குகளைத் தீர்த்திருக்கிறது. மின்கிட்டாரில் காஸ்பெல் பாடிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப்புக்கு 2018இல் இடம் கிடைத்தது. எல்விஸுக்கு முன்பே, 1952இல், ‘ஹவுண்ட் டாக்’ பாடிப் பதிவு செய்த பிக் மாமா தார்ன்டனுக்கு 2024இல் கிடைத்தது. இந்த இருவருக்காகவும் வாதாட இசைத்தட்டுகள் இருந்தன, தேதியோடு. எஸ்கெரிடாவின் தரப்பில் இருப்பது ஒரு சீடனின் வாக்குமூலமும், பிந்தி வந்த சில இசைத்தட்டுகளும். எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றுகிறது. ஐயமுள்ளவர்கள் ரிச்சர்டின் 1951 பதிவுகளையும் 1955 பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, பிறகு ‘வூலா’வைப் போட்டுப் பாருங்கள், முதல் முறை ஒலியைச் சற்றுக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள்.