நன்னன் மலைக்கு வழிகாட்டும் உவமைகள்

கலசப்பாக்கம் வட்டாரத்துப் பருவதமலையே மலைபடுகடாம் பாடும் நவிரமலை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சவ்வாது மலையில் பிறந்து செங்கம், கலசப்பாக்கம் வழியாக ஓடும் செய்யாறுதான் அந்நூலின் சேயாறு. செங்கண்மாவின் தலைவன் நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய ஆற்றுப்படை இது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு உவமைகளால் வழி சொல்கிறான்.

நம் உவமை ஆய்வின் அடித்தளம் தொல்காப்பிய உவமவியல். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழி உவமை பிறக்கும் என அது வகுக்கிறது. இளம்பூரணரும் பேராசிரியரும் அதற்கு உரை கண்டார்கள். பிறகு வந்த தண்டியலங்காரம் அணிகளைப் பெயரிட்டுப் பெருக்கியது. அந்தப் பட்டியல்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அணியின் பெயரைச் சொன்னால் மதிப்பெண் கிடைக்கும். அந்த உவமை பாட்டில் என்ன வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

உ.வே.சாமிநாதையர் 1889இல், மலைபடுகடாம் அடங்கிய பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை மதமாகவும் கொண்டதே நூற்பெயர் என அவ்வுரை விளக்குகிறது. அருவி, கிளி கடியும் பெண்கள், கரும்பாலை, தினை குற்றுவோர் பாட்டு, பன்றி விரட்டும் பறை எனப் பல ஓசைகள் அந்த ஒற்றை உருவகத்துள் அடங்குகின்றன. 20ஆம் நூற்றாண்டில் ஆய்வு அகப்பாடல் பக்கம் சாய்ந்தது. ஏ.கே.ராமானுஜன் 1967இல் வெளியிட்ட 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' குறுந்தொகையின் நிலத்தை மனத்தின் நிலமாகக் காட்டியது. உள்ளுறையை, அதாவது இயற்கைக் காட்சிக்குள் மறைந்து நிற்கும் பொருளை, உலகம் அறியச் செய்த பெரும் பணி அது. ஆனால் அந்தக் கண்ணோடு மலைபடுகடாத்தைப் படித்தால் பாதி கைநழுவிப் போகும்.

இங்கே தினைக்கதிர் கொய்யும் பதத்தில் வளைந்து பின்னிக் கிடக்கிறது, பொய்ச்சண்டை போடும் யானைக்கன்றுகளின் துதிக்கைகள் பிணைந்தாற்போல. வரகின் கவைத்த கதிர், வாதிடுபவனின் விரித்த கை போல் இருக்கிறது. இவை யார் மனநிலைக்கும் குறியீடு அல்ல. பசியோடு வரும் கூத்தருக்கு மலையில் விளைச்சல் முற்றிவிட்டது, சோறு கிடைக்கும் என்று சொல்லும் அடையாளங்கள். இதுவரை வந்திராதவனும் அந்தப் புனத்தைக் கண்டதும் இனம் காண வேண்டும்; அதற்காகத்தான் உவமை அவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது. வாதியின் கையைச் சொல்லும்போது, கேட்பவன் ஊர் மன்றங்களைக் கண்டு பழகிய கலைஞன் என்பதையும் கவிஞர் மறக்கவில்லை. மலையில் இருப்பதை அவனுக்குத் தெரிந்ததைக் கொண்டே காட்டுகிறார். தொல்காப்பியர் சொன்ன பயன், உவமிக்கப்படும் பொருளின் பயன். கேட்பவன் பெறும் பயனையும் சேர்த்து எண்ண இப்பாட்டு இடம் தருகிறது என்பது என் துணிபு.

ஆற்றுப்படை உவமைகளை இப்படிப் படிக்க நிலமும் பயிரும் தெரிய வேண்டும். சவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் இன்றும் சாமை விதைக்கிறார்கள். கதிர் எந்தப் பதத்தில் எப்படி வளையும் என்பதை அவர்களிடம் கேட்டு, பருவதமலைச் சரிவுகளைப் பருவந்தோறும் பார்த்து, மலைபடுகடாத்துக்குப் புதிய உரை ஒன்று எழுதப்பட வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இதைத் தாவரவியலாரோடு சேர்ந்து செய்யலாம். தினை, வரகு, எள், அவரை, கரும்பு ஆகியவற்றின் உவமைகளிலிருந்தே தொடங்கலாம்.