வீதியிற் சமா, நிலவறையில் ஜாஸ்: கலைஞரும் கேட்போரும் பற்றிச் சில குறிப்புகள்

வல்வெட்டித்துறை முத்துமாரி அம்மன் கோயிலின் ஆண்டுத் திருவிழா, சித்திரை முழுநிலா நாளன்று தீர்த்தத்துடன் நிறைவுறுவது. அத்திருவிழாக் காலத்து இரவொன்றில், வீதியோரத்திலே மூவர் நிகழ்த்திய தவிற் சமாவொன்றைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நாதஸ்வரக்காரர் ஒருவர், தவிற்காரர் ஒருவர், தாளக்காரர் ஒருவர். மூவரும் எழுபதை அண்டியவர்கள். வழமையாக இரட்டை நாதஸ்வரமும் இரட்டைத் தவிலுமாக அமையும் மேளம் அன்று மூவராகக் குறுகியிருந்தமைக்குக் கலைக் காரணம் எதுவுமில்லை. உபயகாரரின் செலவுக் கணக்கே காரணம். ஆயினும் அக்குறுக்கம் நமக்குப் பயன்பட்டது. ஒலிபெருக்கியின் இடையீடின்றி, மூன்று கருவிகளுக்கிடையே நிகழ்ந்ததைத் துல்லியமாகக் கேட்க முடிந்தது.

தோடி ஆலாபனை ஏறத்தாழ அரைமணி நேரம் நீண்டது. பின்னர் பல்லவி, அதன்பின் தனி. விரல்களிற் கூடு பூட்டி வலந்தலையையும், மறுகையிற் கழி கொண்டு தொப்பியையும் முழக்கும் அம்முதியவர், ஆதி தாளத்தைத் திஸ்ர நடையில் உடைத்துப் பல ஆவர்த்தனங்கள் அலையவிட்டார். நாதஸ்வரக்காரர் சுரக்கோவையொன்றை வேண்டுமென்றே முடிக்காது விட, தவில் அதனை முடித்து வைத்தது. தாளக்காரர் மட்டும் அசையவில்லை. மற்றிருவரும் எங்கு சென்றாலும் எடுப்புக்குத் திரும்பி வரவேண்டிய நிலம் அவர் கையில் இருந்தது. தாளம் போடுதல் ஒரு வேலையா என ஏளனஞ் செய்வோர் அவ்விரவு அங்கிருந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் நமக்கு நினைவு வந்தது, நியூயோர்க் நகரின் வில்லேஜ் வான்கார்ட் என்னும் நிலவறை மன்றத்தில் 1961 யூன் 25ஆம் நாள் பதிவான பில் எவன்ஸ் மூவரின் ஜாஸ் இசை. பியானோ, கொன்ரபாஸ், முரசு என்னும் மூன்றும் அங்கே தலைமையும் பக்கமும் என்ற பழைய பிரிவினையைத் தளர்த்திவிட்டன. கொன்ரபாஸ் வாசித்த ஸ்கொற் லாஃபாரோ அடுத்த சில நாள்களில் விபத்தில் மாண்டார். அந்த ஒலிப்பதிவிலே குவளைகள் மோதும் ஓசையும் கேட்போரின் பேச்சொலியும் கலந்துள்ளன. நம் வீதியிற் கச்சான் விற்பவரின் குரல் கலந்தது போல.

இவ்வொப்பீடு மேலோட்டமானது என்பாருளர். ஜாஸ் சந்தைக்குரிய பண்டம், மேளம் கோயிற் சடங்கின் உறுப்பு என்பர். இதில் ஓரளவே உண்மையுண்டு. 1936இல் புனைபெயரில் ஜாஸ் பற்றி எழுதிய அடோர்னோ, அதன் மனோதர்மம் முன்பே வார்க்கப்பட்ட அச்சின் மீதான வெற்று அலங்காரம் என முடிவுகட்டினார். பண்பாட்டுத் தொழிலின் இயல்பை அவர் கண்டதில் பிழையில்லை. ஆயின் வாசிப்பவனின் உழைப்பை அவர் காணவில்லை. மாறாத தாளம் சுதந்திரத்துக்குத் தடையென்றால் நாம் கேட்ட தவில் ஒலித்தேயிராது. 1959இல், பிரான்சிஸ் நியூற்றன் என்னும் புனைபெயரில் ஜாஸ் பற்றி நூலெழுதிய மார்க்சிய வரலாற்றறிஞர் ஹொப்ஸ்போம், இசைக்கலைஞரின் வாழ்நிலையிலிருந்து தொடங்கினார். நமக்கு அவ்வழியே உவப்பானது.

அவ்வழியிற் சென்றால், கோயிற்கலை யாவும் நிலவுடைமைக் கலையே என நம்மவர் சிலர் ஒப்புவிக்கும் வாய்பாடும் இவ்வூரிற் பொருந்தாது. வல்வெட்டித்துறையின் செல்வம் வயலில் விளைந்ததன்று. கடல் வணிகத்தில் வந்தது. இங்கு கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகம்வரை சென்றது. (அதே ஆண்டு சனவரியிற்றான் பெனி குட்மனின் குழு கார்னெகி மண்டபத்தில் ஜாஸ் வாசித்தது என்பது தற்செயல், ஆயினும் சுவையான தற்செயல்.) கப்பலும் கடல் வணிகமும் ஈட்டிய பணம் உபயமாக மாறி மேளத்தை வரவழைத்தது. வணிக மூலதனமும் சடங்கும் இங்கு கைகோத்து நின்றன.

கைகோக்காதது சாதி. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த கொற்றன் கிளப்பில் டியூக் எலிங்டன் போன்ற கறுப்பினக் கலைஞர் வாசித்தனர். கறுப்பின மக்கள் அங்கு கேட்போராக அமர இயலவில்லை. நம்மூர்களில் மேளகாரரின் இசை சுவாமிக்கு முன்னே சென்றது. அவர் பந்தியில் முன்னே அமரவில்லை. நாதஸ்வரக்காரர் நின்றே வாசிக்கவேண்டும் என்ற வழக்கை எதிர்த்து, அமர்ந்து வாசிக்கும் உரிமையை வலியுறுத்திய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) செயலைச் செருக்கெனப் பேசியோர் பலர். அது செருக்கன்று, உழைப்பாளியின் கோரிக்கை.

இவ்விடத்தில் நம்மையும் குறைகூறிக்கொள்ள வேண்டியுள்ளது. 1968இல் வெளிவந்த தமது ஆய்வு நூலில் பேராசிரியர் க. கைலாசபதி, பாணரின் வாய்மொழி ஆக்க முறையை விளக்கினார். அதனைக் கற்று வளர்ந்த நாம், ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட பாணனின் யாழைப் பற்றி எத்தனை கட்டுரைகள் எழுதினோம்! அதேவேளை அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவரது சொற்கட்டுகளின் அமைப்பை ஆராய நமது முற்போக்கு விமரிசனம் எத்தனை பக்கங்களை ஒதுக்கியது? இலக்கியத்திற் பொதுமக்களைத் தேடிய நாம், அவர்கள் விடியும்வரை விழித்திருந்து கேட்ட இசையைச் சடங்கென ஒதுக்கிவிட்டோம். ஒலிநாடாக்களில் எஞ்சியிருப்பவற்றைச் சேகரித்தல், வாழும் முதியவர்களின் வாசிப்பைப் பதிவுசெய்து தாளக்குறிப்புடன் வெளியிடுதல் ஆகியன பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவையல்ல.

அன்று சமா நடந்துகொண்டிருக்கும்போதே, அடுத்த வீதி மேடையில் மின்னிசைக் குழுவொன்று தொடங்கிவிட்டது. இளைஞர் எழுந்து சென்றனர். அவர்களைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. அவர்களுக்குக் கேட்கக் கற்பித்தவர் யார்? எஞ்சியிருந்தோரை எண்ணினோம்: நம்மோடு பதினொருவர். தவிற்காரர் கூடுகளைக் கழற்றுவார் என எதிர்பார்த்தோம். அவர் தாளக்காரரைப் பார்த்தார், தாளம் நிற்கவில்லை. மிஸ்ர நடையில் மீண்டும் தொடங்கினார்.