மதில் நகரில் எஞ்சிய கூரை

பெரிய வியாழன் இரவில் ஏழு ஆலயங்களுக்குச் சென்று நற்கருணைநாதர் முன் முழந்தாட்படியிடுவது பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கரிடையே வேரூன்றிய வழக்கம். மணிலாவின் மதில் சூழ்ந்த பழைய நகராகிய இன்ட்ராமுரோஸில் வாழ்ந்தோர், உலகப் போருக்கு முன், அந்த ஏழையும் கோட்டை வாயிலைத் தாண்டாமலே சந்தித்துவிடலாம். இன்று அங்கே போருக்கு முற்பட்ட ஆலயமாக நிலைத்து நிற்பது ஒன்றே: 1587-இல் தொடங்கி 1607-இல் நிறைவுற்ற புனித அகுஸ்தினார் ஆலயம். அண்டையிலுள்ள பேராலயம் இடிபாடுகளின்மீது 1958-இல் மீண்டும் எழுந்தது. பிரான்சிஸ்கன் சபையாரின் கோவில் நின்ற மண்ணில் கல்விக்கூடமும், தொமினிக்கன் சபையாரின் கோவில் நின்ற மண்ணில் வங்கியும் இருக்கின்றன.

அகுஸ்தினார் ஆலயம் தப்பியதை "அற்புதம்" என்று எழுதுவோர் பலர். அச்சொல் எனக்கு உவப்பாக இல்லை. 1945 பெப்ரவரியில் நடந்த மணிலாப் போரில், ஜப்பானியரின் படுகொலைகளாலும் அமெரிக்கரின் பீரங்கிகளாலும் ஏறத்தாழ 1,00,000 குடிமக்கள் மாண்டனர். இதே ஆலயத்தினுள் மக்கள் பிணையாக அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். ஒரு கூரையைக் காத்த கரம் அத்தனை உயிர்களை ஏன் காக்கவில்லை என்ற வினா எழுந்தால், அற்புதம் பேசுவோர் என்ன விடை பகர்வார்?

விடையைக் கட்டடத்திலேயே தேடலாம். நிலநடுக்கத்துக்கு அஞ்சிக் கட்டப்பட்ட ஆலயம் இது. முகப்பு பருமனாக, தாழ்வாக, அழகைப் பற்றிக் கவலையற்று நிற்கிறது. 1880 நிலநடுக்கத்தில் சிதைந்த இடப்பக்கக் கோபுரம் திரும்பக் கட்டப்படவேயில்லை. வாயிலில் சீனக் கருங்கல் சிங்கங்கள் காவலிருக்கின்றன. (வேதாகமச் சிற்பங்களை எதிர்பார்த்து வருவோரை அவை சற்றே திகைக்க வைக்கும், எனக்கோ அவையே அங்குள்ள நேர்மையான வரவேற்பு.) உள்ளே மேலே நோக்கினால், ஆழமாகச் செதுக்கிய சதுரங்களும் மலர்களும் கூரை முழுவதும் விரிகின்றன. ஆனால் அங்கே செதுக்கல் பெரும்பாலும் இல்லை. 1875-இல் ஆல்பெரோனி, திபெல்லா என்னும் இத்தாலிய ஓவியர் இருவர் கல் வளைவின்மேல் வண்ணத்தால் தீட்டிய தோற்ற மயக்கமே அது. வழிபாட்டு இடத்தில் இத்தகைய மாயத்தை நான் பெரிதாக மெச்சுவதில்லை. நிழலைக் கூடத் தூரிகை பொய்யாக்கியிருக்கிறது.

ஆயினும் இதன் எதிரிணையை எண்ணுங்கள். சில தெருக்களுக்கு அப்பால், 1889-இல் திறக்கப்பட்ட இயேசு சபையாரின் புனித இஞ்ஞாசியார் ஆலயம் இருந்தது. பெலிக்ஸ் ரோஹாஸ் வரைந்த அக்கோவிலின் உட்புறத்தை, இசபெலோ தாம்பிங்கோ என்னும் பிலிப்பைன்ஸ் சிற்பி உள்நாட்டு மரத்தில் உண்மையாகவே செதுக்கினார். அங்கே கூரை மலர்கள் கைக்குத் தட்டுப்படும் மலர்கள். மெய்யான மரம் போரில் எரிந்தது. மரம்போல் தீட்டிய வண்ணம் கல்லின்மேல் இருந்ததால் நின்றது. நாட்டுக் கலைஞனின் கைவேலை சாம்பலாகி, வெளிநாட்டாரின் வண்ணம் உலக மரபுச் செல்வமாக 1993-இல் பட்டியலேறியது என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

இஞ்ஞாசியார் ஆலயத்தின் சுவர்கள் மீண்டும் எழுப்பப்பட்டு, 2019-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டன. புனிதர்களின் பழஞ்சுரூபங்கள் அங்கே ஒளிவிளக்கின் கீழ் நிற்கின்றன. இதைக் குறைகூற மனம் வரவில்லை. பாழ்நிலமாகக் கிடப்பதைவிட மேல். எனினும் பூசை நடவாத கோவிலை ஏழில் ஒன்றாக எண்ண எவரும் துணியமாட்டார். தொமினிக்கன் சபையாரின் பழைய கோவில் 1941 டிசம்பரிலேயே குண்டுவீச்சில் அழிந்தது. அங்கிருந்த செபமாலை அன்னையின் சுரூபமோ காப்பாற்றப்பட்டு, இன்று கேசோன் நகரில் 1954-இல் எழுந்த புதிய ஆலயத்தில் வீற்றிருக்கிறது. அன்னையைத் தேடும் அடியார் மதிலுக்கு வெளியே வெகுதூரம் செல்கின்றனர்.