ராட்டினம் சுற்றினால் ஊர்த் தாகம் தீருமா?

ஏழை மக்களுக்கான கருவிகளை அம்மக்களோடு சேர்ந்தே வடிவமைக்க வேண்டும் என்பதை இன்று ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்புக்கொள்கின்றனர். ஒப்புக்கொள்வது வேறு, கடைப்பிடிப்பது வேறு என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் பிறந்த 'பிளேபம்ப்' ஒரு பாடம்.

சிறுவர் ஆடும் குடைராட்டினத்தை ஆழ்துளைக் கிணற்றோடு இணைத்த அமைப்பு இது. பிள்ளைகள் சுற்றச் சுற்ற நீர் மேலேறி, உயரத்திலுள்ள தொட்டியில் நிரம்பும். 2000ஆம் ஆண்டு உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006இல் அமெரிக்காவில் 164 லட்சம் டாலர் நிதி அறிவிக்கப்பட்டது. 2010க்குள் 4,000 பம்புகள் நிறுவுவது குறிக்கோள்.

வாசகர்களே, காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 40 மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு 1,400 லிட்டர் இறைக்கும் என்பது விளம்பரம். ஒரு லிட்டர் நீரின் நிறை 1 கிலோகிராம். ஆகவே ஒரு மணி நேரத்தில் செய்யவேண்டிய வேலை 1,400 × 9.8 × 40, அதாவது சுமார் 5,49,000 ஜூல். இதை 3,600 விநாடியால் வகுத்தால் 152 வாட். உராய்வால் வீணாவது தனி. உடல் வலுவுள்ள பெரியவர் ஒருவரே பல மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது சுமார் 75 வாட்தான்!

ஒரு பம்பு 2,500 பேருக்குப் போதும் என்றும் கூறினர். தலைக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்றால் 37,500 லிட்டர் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 27 மணி நேரம் சுற்றவேண்டும். 'கார்டியன்' நாளேடு 2009இல் இதைச் சுட்டிக்காட்டியது.

சாதாரண ராட்டினம் ஒருமுறை தள்ளிவிட்டால் நிலைமத்தால் தானே சுழலும், அதில்தான் இன்பம். நீரைத் தூக்கும் ராட்டினமோ தள்ளுவதை நிறுத்தினால் விரைவில் நின்றுவிடும். பிள்ளைகள் சலித்து விலகியபின் அதைச் சுற்றியவர்கள் பெண்கள். பல இடங்களில், இருந்த அடிபம்பை அகற்றிவிட்டே இதை நிறுவினார்கள். அப்பெண்களிடம் முன்னதாகக் கேட்டிருந்தால், இந்தக் கணக்கே தேவைப்பட்டிராது.

இதற்கு மாறாக நம் நாட்டு 'இந்தியா மார்க் 2' அடிபம்பைப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கென அமைந்த வார்ப்பிரும்புப் பம்புகள், ஊரே அடித்தபோது விரைவில் பழுதாயின. மகாராஷ்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர் பணிமனைகளில் பம்பைப் பழுது பார்த்தவர்களே வலுவான மாற்றைக் கண்டனர். கைப்பிடியோடு சங்கிலி இணைந்ததால் தண்டு நேர்ச்செங்குத்தாக இயங்கியது. அதை யூனிசெஃப் உதவியுடன் மேம்படுத்தி, 1970களில் கோவை வட்டாரத்தில் சோதித்தனர்.

அதிலும் குறை இல்லாமலில்லை. அடியிலுள்ள உறிஞ்சியைப் பழுது பார்க்க, குழாய் முழுவதையும் வெளியே தூக்கவேண்டும். அதற்குத் தனிக் குழுவும் வண்டியும் தேவை. அதுவரை ஊர் காத்திருக்கும். 1980களில் மீண்டும் கோவைப் பகுதியில் நடந்த கள ஆய்வில் 'மார்க் 3' உருவாயிற்று. இதில் குழாயை அசைக்காமலே, ஊரார் எளிய கருவிகளால் உறிஞ்சியை மேலெடுக்கலாம். அகன்ற குழாயால் விலை கூடியது உண்மை. எனினும் பழுது பார்க்கும் ஆற்றல் ஊராரின் கைக்கு வந்தது.

மக்களின் பங்கு என்பது திறப்பு விழாவில் அவர்கள் கைதட்டுவது அன்று. 'இது எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும், பழுதானால் திறந்து பார்க்கும் வசதியும் அவர்களுக்கு இருக்கவேண்டும். அடுத்த முறை ஓர் ஊருக்குப் புதிய கருவி வந்த செய்தியைப் படிக்கும்போது, இவ்விரண்டும் அதில் உண்டா என்று தேடிப் பாருங்கள்.